மென்வில்லை வந்த வழி

மாட்டுங்காவில் மழை பிடித்துக்கொண்டால் மூக்குக்கண்ணாடி அணிந்தோர் படும் பாட்டை நாம் அறிவோம். மின்ரயிலில் ஏறியதும் கண்ணாடி மங்கிவிடுகிறது. துடைக்கக் கை எடுக்கவும் நெரிசலில் இடமில்லை. நம் இளைஞர் பலர் ‘காண்டாக்ட் லென்ஸ்’ என்னும் விழிவில்லையை நாடுவதில் வியப்பில்லை. இன்று விற்பனையாகும் வில்லைகளுள் பெரும்பாலானவை மென்வில்லைகளே. அவற்றின் வரலாறு, சுகத்துக்கும் நலத்துக்கும் நடந்த வழக்கின் வரலாறு.

1888ஆம் ஆண்டில் அடால்ஃப் ஃபிக் என்ற மருத்துவர் கண்ணாடியால் வில்லை செய்தார். அதைச் சில மணி நேரமே தாங்க முடிந்தது. 1948இல் அமெரிக்காவின் கெவின் டூஹி, கருவிழியை மட்டும் மூடும் சிறு பிளாஸ்டிக் வில்லையை அமைத்தார். கருவிழிப் படலத்தில் இரத்தக் குழாய் கிடையாது. அது தனக்கு வேண்டிய பிராணவாயுவைக் கண்ணீர் வழியே வெளிக்காற்றிலிருந்து பெறுகிறது. டூஹியின் வில்லை காற்றை உள்ளே விடாது. ஆயினும் இமைக்குந்தோறும் அதன் அடியில் புதுக் கண்ணீர் புகுந்தது. மேலும் அது உறுத்தியதால், அணிந்தவர் மாலையில் கழற்றி வைத்தனர். அந்த உறுத்தலே ஒரு காவல் என்பது நம் கருத்து.

நீரை உறிஞ்சி மென்மையாகும் ஒரு பொருளைச் செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்டோ விக்டர்லே, லீம் என்ற துணைவருடன் 1950களில் கண்டறிந்தார். அரசினர் ஆதரவு நின்றுபோயிற்று. அவர் சோர்ந்துவிடவில்லை. 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில், குழந்தைகள் கோத்து விளையாடும் உலோகத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு வீட்டிலேயே ஓர் இயந்திரம் அமைத்து, சுழலும் அச்சில் வில்லை வார்த்தார்! அவ்வழியில் வந்த மென்வில்லைக்கு அமெரிக்கா 1971இல் அனுமதி அளித்தது.

உறுத்தல் போயிற்று, காவலும் போயிற்று. மென்வில்லையின் அடியில் கண்ணீர் ஓட்டம் குறைவு. அதிலுள்ள நீரின் வழியாகவே பிராணவாயு செல்ல வேண்டும். கருவிழி மூச்சுத் திணறினாலும் உடனே வலிப்பதில்லை. மெல்ல வீங்குகிறது, நாளடைவில் ஓரத்திலிருந்து இரத்தக் குழாய்கள் உள்ளே படர்கின்றன. சுகம் தந்த துணிவால், 30 நாள் வரை கழற்றாமல் அணியலாம் என்று 1981இல் அமெரிக்காவில் இசைவு தரப்பட்டது. வில்லையோடு உறங்குவதற்கு, பகலில் அணிவதைப் போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு பிராணவாயு வில்லை வழியே செல்ல வேண்டும் என்று ஹோல்டன், மெர்ட்ஸ் இருவரும் 1984இல் கணக்கிட்டனர். 1989இல் வெளியான ஆய்வில், பகலில் மட்டும் மென்வில்லை அணிந்தோருள் ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 4 பேருக்குக் கருவிழிப் புண் கண்டது. இரவும் பகலும் அணியும் வகையில் அது 20க்குச் சற்று மேல். வரம்பு 7 நாளாகக் குறைந்தது.

1999இல் சிலிக்கோன் கலந்த மென்வில்லை வந்தது. பிராணவாயுக் குறை பெரிதும் தீர்ந்தது. ஆனால் 2008இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு, அதை அணிந்து உறங்குவோரிடமும் 10,000க்குச் சுமார் 25 பேருக்குக் கருவிழித் தொற்று வருவதைக் காட்டியது. மூச்சுத் திணறல் வேறு, தொற்று வேறு. மாலையில் கண் உலரும் தொல்லையும் புதுப்பொருளால் அடியோடு நீங்கவில்லை. பழைய வில்லையில் கண்ணீர்ச் சத்து படிந்து இமையின் உட்புறம் தடிப்பதற்கு மட்டும், 1990களின் நடுவில் வந்த ஒருநாள் வில்லை நல்ல மாற்றாயிற்று, செலவுதான் கூடுதல்.

நம் கட்டடங்களில் மாடித் தொட்டி நீர் உண்டு. அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் தேக்கி வைத்த நீரிலும் வாழ்வது. 1980களில் அமெரிக்காவில் இந்நோய் கண்ட பலர், வில்லைக்கான உப்புநீரை வீட்டிலேயே கலந்தவர்கள். ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிலையத்தார், வில்லை அணியாதவர்க்கும் இது வருவதை எழுதியுள்ளனர். தாதரில் ஏறிச் சென்னை செல்வோருக்கு ஓர் இரவு வண்டியிலேயே கழிகிறது. ஒருநாள் வில்லையானால் படுக்கும் முன் கழற்றி எறிந்துவிடலாம். மற்ற வகையானால் மருந்து நீரும் சிமிழும் கைப்பையில் இருக்க வேண்டும். கழுவிய கையை நன்கு துடைத்த பின்பே வில்லையைத் தொடுதல் வேண்டும். வண்டிக் குழாய் நீர் சிமிழில் படலாகாது. மறுநாள் கண் சிவந்து வலித்தாலோ வெளிச்சம் கூசினாலோ, வில்லையை மீண்டும் அணியாது அன்றே கண் மருத்துவரிடம் காட்டல் வேண்டும்.