மீதமின்றிப் பங்கிடும் எண்கள்



ஃபராயிள் எனும் வாரிசுரிமைக் கலையைக் கற்போர் தொடக்கத்திலேயே மனனம் செய்யும் எண்கள் ஏழு: 2, 3, 4, 6, 8, 12, 24. குர்ஆன் குறிப்பிடும் அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று ஆகிய பங்குகளை முழு எண்ணாகப் பிரிப்பதற்கு இவையே மூலம்.

ஒருவர் மனைவி, தாய், இரு பெண்மக்கள், உடன்பிறந்த சகோதரர் ஆகியோரை விட்டு மறைந்தால் சொத்து 24 பங்காகும். மனைவிக்கு 3, தாய்க்கு 4, பெண்மக்களுக்கு 16, எஞ்சிய 1 சகோதரருக்கு. 24ஐ மீதமின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என எட்டு. அதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் எட்டுக் காரணிகள் இல்லை. அடுத்த எண்ணாகிய 25 அளவில் பெரியதாயினும், அதற்கு 1, 5, 25 என மூன்றே காரணிகள். நம் முன்னோர் ஒரு நாளைப் பகுத்த 60 நாழிகைக்கோ பன்னிரண்டு காரணிகள்.

தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட மிகுதியான காரணிகளை உடைய இத்தகைய எண்களுக்கு ‘உயர் பகு எண்கள்’ என்று பெயரிட்டு ஆராய்ந்தவர், 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன். சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய அவர், 1914இல் இங்கிலாந்து சென்றார். மறு ஆண்டே இவ்வாய்வு இலண்டனில் வெளியானது. 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பட்டத்தையும் அதுவே பெற்றுத் தந்தது.

இவ்வெண்களைப் பகா எண்களாகப் பிரித்தால் 2, 3, 5, 7 என இடைவெளியின்றி வரும். அடுக்குகள் போகப்போகக் குறையுமே தவிர ஏறா. 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்றவற்றில் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றே என்று அவர் நிறுவினார்.

அவரது அட்டவணையின் இறுதி எண் 6746328388800. அதாவது, 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. இதன் காரணிகள் 10,080. கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் கணக்கிட்டு எழுதிய பட்டியல் அது! அதில் 293318625600 என்ற ஓர் எண் மட்டும் விடுபட்டிருந்ததைப் பின்வந்தோர் கண்டறிந்தனர். இறுதி எண்ணை 23ஆல் வகுத்தால் கிடைப்பதே அந்த எண். உலகப் போர்க்காலப் பண நெருக்கடியால் அச்சேறாமல் நின்ற கட்டுரையின் எஞ்சிய பகுதியும் 1997இல் வெளிவந்தது.

மேதையின் பட்டியலும் சரிபார்க்கப்பட்டே நிறைவு பெற்றது என்றால், நாம் பிரிக்கும் சொத்துக்கணக்கை எத்துணை கவனமாகச் சரிபார்க்க வேண்டும்! பங்கீட்டைத் தள்ளிப்போடுவதாலும், பெண்மக்களின் பங்கைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதாலும் உறவுகள் முறிகின்றன. வகுத்துத் தர எண்கள் ஆயத்தமாக உள்ளன, மனங்களும் ஆயத்தமாகட்டும். நம் பிள்ளைகள் கணிதத்தை அச்சமின்றிக் கற்று, குடும்பத்தின் கணக்கை நீதியுடன் எழுதுவோராக வளர வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!