மிச்சச் சூடு

பெற்றோல் காரின் முன்கண்ணாடியைத் தெளிய வைக்கும் சூட்டுக்கு யாரும் தனியாகக் காசு கொடுத்ததில்லை. ஊற்றுகிற எண்ணெயின் சக்தியில் கால்வாசி, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் சில்லைச் சுற்றும். மற்றதெல்லாம் வெப்பமாகிப் போகும். அந்த வெப்பத்தைச் சுமந்து வரும் தண்ணீரை டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்குள் விட்டு, ஒரு விசிறியைச் சுழற்றினால் வேலை முடிந்தது. குளிர்நாடுகளில் கார்க் கண்ணாடி இத்தனை காலம் தெளிந்திருந்தது இந்த மிச்சச் சூட்டில்தான். மின்சாரக் காரின் மோட்டரோ வாங்கிய மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு ஓட்டத்துக்கே கொடுத்துவிடுகிறது. கண்ணாடிக்கு வேண்டியதைப் பற்றரியில் இருந்து எடுத்துத்தான் கொடுக்கவேண்டும். கொடுத்த அளவுக்கு ஓடும் தூரம் குறையும்.

நான் ஒஸ்லோவில் டாக்சி ஓட்டுகிறேன். 2024 நவம்பர் 1 முதல் இந்த நகரத்து டாக்சிகள் புகை விடாத வண்டிகளாகத்தான் இருக்கவேண்டும் என்பது விதி. அன்று தொடக்கம் ஸ்டாண்டில் தமிழ் ஓட்டுநர்கள் கூடினால் பேச்சில் பாதி ஹீட்டரைப் பற்றித்தான். தூரம் குறைந்துவிடும் என்ற பயத்தில் சிலர் ஹீட்டரை அணைத்துவிட்டுக் கையுறையோடு ஓடுகிறார்கள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது துணியால் கண்ணாடியைத் துடைக்கிறார்கள். மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊர் இது. ஆட்கள் கறுப்பு ஜக்கெற்றோடு ஈரத் தெருவைக் கடப்பார்கள். துடைத்த இடம் அரை நிமிடத்தில் மறுபடி வேர்த்துவிடும். இதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கண்ணாடி எப்படித் தெளிந்தது என்ற பழைய கதையைத் தெரிந்துகொண்டால், பற்றரியையும் காப்பாற்றலாம், பார்வையையும் காப்பாற்றலாம்.

முதலில் தொல்லை கண்ணாடியின் வெளிப்பக்கத்தில்தான் இருந்தது. அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் நியூயோர்க்கில் குளிர்காலத்தில் டிராமில் போனபோது, பனி படிந்த கண்ணாடிக்குள்ளால் பார்க்க முடியாமல் ஓட்டுநர் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுவதைக் கண்டார். உள்ளேயிருந்து நெம்புகோலால் இயக்கும் ரப்பர் துடைப்பானுக்கு 1903 நவம்பர் 10இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. இலக்கம் 743,801. அதை வாங்க ஒரு நிறுவனமும் முன்வரவில்லை. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகுதான் துடைப்பான் எல்லாக் கார்களிலும் ஏறியது.

உள்பக்கம் அந்தக் காலத்தில் யாருக்கும் கவலையாக இருக்கவில்லை. திறந்த கார், மூச்சு காற்றோடு போய்விடும். காரை நாலு பக்கமும் அடைத்த பிறகுதான் உள்ளே வேர்க்கத் தொடங்கியது. நன்றாக அடைத்து, சுற்றிவரக் கண்ணாடி போட்டு முதலில் விற்ற கார்களில் மின்சாரக் கார்கள் கணிசமானவை. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஃபோர்டே 1914ஆம் ஆண்டின் டெட்ராயிற் எலெக்ரிக் ஒன்றை வைத்து ஓட்டினார். அன்றைக்குக் குளிருக்குக் கம்பளியும் காலடியில் கரி போட்ட சூட்டுப் பெட்டியும்தான் துணை. அடைத்த பெட்டிக்குள் எஞ்சின் சூடு இல்லாமல் மூச்சுவிட்டுக்கொண்டு போகும் சங்கடம் மின்சாரக் காருக்குப் புதியதில்லை.

ஏன் வேர்க்கிறது என்பதைக் கணக்காகப் பார்க்கலாம். 20 பாகைச் சூட்டில் ஒரு கனமீற்றர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்றை 0 பாகைக்குக் குளிரவைத்தால் 5 கிராம்கூடத் தாங்காது; மிகுதியைக் கீழே போட்டுவிடும். காருக்குள் போடும் இடம் கண்ணாடி. ஒரு மனிதன் மூச்சோடு மட்டும் நாளொன்றுக்கு 300, 400 மில்லிலீற்றர் தண்ணீரை வெளியே விடுகிறான். அதற்கு மேல் நனைந்த கோட்டு, சப்பாத்தில் ஒட்டி வரும் பனி. இனி மறுபக்கத்தைப் பாருங்கள். வெளியே 0 பாகையில் நிற்கும் காற்று முழு ஈரத்தோடு இருந்தாலும் அதில் 5 கிராம்தான் இருக்கும். அதை உள்ளே இழுத்து 20 பாகைக்குச் சூடாக்கினால், 17 கிராம் பிடிக்கும் காற்றில் 5தான் இருக்கிறது. அது காய்ந்த பஞ்சுபோலக் கண்ணாடியில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு பின்பக்கத் துவாரங்களால் வெளியேறும்.

இவ்வளவு எளிய விடயம் கார் செய்தவர்களுக்குப் பிடிபட வெகுகாலம் எடுத்தது. 1920களில் எஞ்சினின் புகைக்குழாய்ச் சூட்டை உள்ளே கொண்டுவந்தார்கள். பிறகு சுடுதண்ணீர் ஹீட்டர் வந்தது. ஆனால் அந்தப் பெட்டிகள் காருக்குள் இருந்த காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றின. கால் சூடாகும், கண்ணாடி நனையும். 1938இல் அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் வெளிக்காற்றை வடிகட்டி ஊடாக இழுத்து, எஞ்சின் தண்ணீரால் சூடாக்கி, விசிறியால் உள்ளே தள்ளும் முறையைக் கொண்டுவந்தது. உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுவதால் குளிர்காற்று இடுக்குகளால் நுழைவதற்குப் பதில் ஈரக்காற்று இடுக்குகளால் வெளியே போகும். அடுத்த ஆண்டு அதற்குத் தெர்மோஸ்டாற் சேர்த்து ‘வெதர் ஐ’ என்று பெயர் வைத்தார்கள். இன்று நாம் ஓட்டும் எல்லாக் கார்களின் ஹீட்டரும் அதன் வழியில் வந்ததுதான். கண்ணாடியின் வரலாற்றில் துடைப்பானைவிடப் பெரிய படி இதுவென்று நான் நினைக்கிறேன். ஆனாலும் நாஷின் பெயரை யாரும் சொல்வதில்லை.

எனக்கு இதைச் சொல்லித் தந்தது புத்தகம் இல்லை. எண்பதுகளின் கடைசியில் எங்களில் நிறையப் பேர் நோர்வேயின் வடக்கு முனையில், ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில்தான் வாழ்க்கையைத் தொடங்கினோம். வேலை முடிந்து ஐந்து பேர் ஒரு பழைய காரில் ஏறுவோம். ரப்பர் பூட்சுக்குள் ஈரம், உடுப்பில் ஈரம், தலைமயிரில் மீன்வாடையோடு ஈரம். கதவைச் சாத்தி மூச்சு இரண்டு விடுவதற்குள் கண்ணாடி வெள்ளையாகிவிடும். ஹீட்டரைக் கூட்டி, காற்றை உள்ளுக்குள்ளேயே சுற்றவிடுவோம், சூடு வெளியே போய்விடக்கூடாதென்று. எங்களுக்கு முன் வந்து பனியில் பழகிய அண்ணை ஒருவர் பின்சீற்றில் இருந்து சத்தம் போடுவார்: “தம்பி, காத்தை உள்ளுக்கை சுத்தவிடாதை. வெளியாலை எடு. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கு, செத்துப்போக மாட்டாய்.” இறக்கினால் காது விறைக்கும். இரண்டு நிமிடத்தில் முன்னால் வீதி தெரியும். அங்கே குளிர் கடுமை. ஆனால் காற்று காய்ந்தது. –20 பாகையில் ஒரு கனமீற்றருக்கு 1 கிராம் அளவில்தான் நீராவி இருக்கும்.

எல்லாக் காரிலும் மிச்சச் சூடு ஒழுங்காக வந்து சேர்ந்ததாகவும் சொல்ல முடியாது. ஃபோக்ஸ்வாகன் வண்டுக் காரில் தண்ணீரே இல்லை; எஞ்சின் பின்னால். புகைக்குழாயைச் சுற்றிச் சூடான காற்று, காரின் முழு நீளத்துக்கும் அடிப்பலகை ஓரமாக வந்து கண்ணாடியைத் தொடும்போது வெதுவெதுப்புத்தான் மிஞ்சும். உள்பக்கத்தையும் சுரண்டிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. அதற்காக ஜெர்மனியின் எபர்ஸ்பேஹர் நிறுவனம் பெற்றோலை எரித்துச் சூடு தரும் தனி ஹீட்டர் செய்து விற்றது. நோர்வேயில் வேறொரு வழியும் இருந்தது. நெஸ்பியன் என்ற மலையூரில் உள்ள டெஃபா நிறுவனம் எஞ்சினைச் சூடாக்கும் மின்சாரக் கருவி செய்தது. இரவில் வயரைக் காரின் முன்பக்கத்தில் செருகிவிடுவார்கள். உள்ளே வைக்கும் சிறிய மின்விசிறி ஹீட்டரையும் அதிலேயே இணைக்கலாம். காலையில் கண்ணாடியில் பனி இருக்காது. இன்றைய மின்சாரக் கார் வருவதற்குப் பல்லாண்டுக்கு முன்பே வடக்கில் கார்கள் சுவரோடு வயர் பூட்டித்தான் உறங்கின.

பிறகு சட்டம் வந்தது. அமெரிக்காவில் 1968 ஜனவரி முதல் கண்ணாடியின் உறைபனியையும் புகாரையும் நீக்கும் ஏற்பாடு ஒவ்வொரு காரிலும் கட்டாயம். அது பாதுகாப்பு விதி 103. ஐரோப்பாவில் 1978இல் இதே விடயத்துக்குத் தனி நெறிமுறை போட்டார்கள். அதிலுள்ள சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. காரை –3 பாகைக் குளிர் அறையில் விட்டு, உள்ளே ஆட்களுக்குப் பதில் நீராவி விடும் கருவியை வைப்பார்கள். ஒரு சீற்றுக்கு மணிக்கு 70 கிராம் என்ற கணக்கு. பிறகு ஹீட்டரைப் போட்டால் பத்து நிமிடத்தில் ஓட்டுநருக்கு நேரேயுள்ள பகுதியில் நூற்றுக்குத் தொண்ணூறு தெளிந்திருக்கவேண்டும். ஐந்து சீற்றென்றால் மணிக்கு 350 கிராம் தண்ணீர். ஃபின்மார்க்கில் நாங்கள் ஐந்து பேரும் இதற்குக் குறையாமல் விட்டிருப்போம்.

நோர்வேயில் மின்சாரக் கார் ஒரு கலகமாகத் தொடங்கியது. 1989இல் ‘ஆ-ஹா’ இசைக்குழுவின் மோர்ட்டன் ஹார்கெட்டும் மாக்னே ஃபுருஹோல்மெனும், பெல்லோனா சூழல் அமைப்பின் ஃபிரெடெரிக் ஹெளகேயோடு சேர்ந்து, மின்சாரத்துக்கு மாற்றிய ஃபியற் பண்டா ஒன்றைக் கொண்டுவந்து, வீதிச் சுங்கம் கட்ட மறுத்து ஓடினார்கள். அரசு காரைப் பறித்தது. விடயம் ஊரெல்லாம் பேசப்பட்டது. 1990இல் இறக்குமதி வரிவிலக்கு, 1997இல் சுங்க விலக்கு, 2001இல் பெறுமதிசேர் வரி விலக்கு என்று ஒவ்வொன்றாக வந்தது. நோர்வேயிலேயே செய்த ‘திங்க் சிற்றி’யின் பற்றரி 11.5 கிலோவாற்-மணிதான். 3 கிலோவாற் ஹீட்டரை ஒரு மணிநேரம் விட்டால் அதில் கால்வாசிக்கு மேல் போய்விடும். ஓட்டுநர்கள் குளிரைத் தாங்கினார்கள், கண்ணாடி தாங்கவில்லை.

பொறியாளர்கள் இதற்குப் பலவிதமாக முட்டிமோதினார்கள். ஜெனரல் மோட்டர்ஸ் 1996இல் ஈவி-1 காரில் வெப்பப் பம்பு வைத்தது. அதே நிறுவனத்தின் மின்சாரப் பிக்கப் வண்டியில் கடுங்குளிருக்கு டீசலை எரிக்கும் ஹீட்டர் இருந்தது. வொல்வோ 2011இல் சி-30 மின்சாரக் காருக்குள் பயோஎத்தனோல் தாங்கி பொருத்தியது. மின்சாரக் காரில் எரிபொருள் ஊற்றுவதைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் நேர்மை தெரிகிறது. கண்ணாடி தெளிய வெப்பம் வேண்டும், பற்றரியில் அவ்வளவு இல்லை என்பதை மறைக்காமல் ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது. அதே ஆண்டு இங்கே வந்த நிசான் லீஃபில் 24 கிலோவாற்-மணிப் பற்றரி. பெற்றோல் காரைப் பார்த்துச் செய்ததுபோல, அதில் முதலில் தண்ணீரைச் சூடாக்கி, பிறகு அந்தத் தண்ணீரால் காற்றைச் சூடாக்கினார்கள். கண்ணாடிக்குச் சூடு வருவதற்குள் பக்கத்துத் தெரு வந்துவிடும். 2013இல் வெப்பப் பம்பு சேர்த்தார்கள்.

வெப்பப் பம்பு குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பிப் போட்ட வேலை. வெளிக்காற்றில் உள்ள கொஞ்ச வெப்பத்தையும் உறிஞ்சி உள்ளே கொடுக்கும். ஒரு பங்கு மின்சாரத்துக்கு இரண்டு பங்கு, நல்ல நாளில் மூன்று பங்கு சூடு. குளிர் கூடக் கூட அந்தப் பெருக்கம் சுருங்கும். டெஸ்லா 2020இல் மொடல் வை-யில் இதைக் கொண்டுவந்தது. 2022 பெப்ரவரியில் அமெரிக்காவில் அந்த நிறுவனம் 26,000க்கு மேற்பட்ட கார்களைத் திருத்தத்துக்கு அழைத்தது: வெப்பப் பம்பின் வால்வு ஒன்று மென்பொருள் பிழையால் சரியாக இயங்காமல், கண்ணாடியின் உறைபனி நீங்குவது தாமதமாகலாம். மீறப்பட்டதாகக் காட்டியது பழைய 103ஆம் விதியைத்தான்.

இங்கே ஸ்டாண்டில் எல்லோரும் கடுங்குளிருக்குத்தான் பயப்படுகிறார்கள். கண்ணாடிக்கு உண்மையில் கொடுமையான நாள், 0 பாகைக்கும் 2 பாகைக்கும் நடுவில் ஈரப்பனி கொட்டும் நாள். வெளிக்காற்றில் –20இல் உள்ளதைப்போல ஐந்து மடங்கு ஈரம். சாதாரண ஏசி ஈரத்தைப் பிழிந்து எடுக்கும். ஆனால் உறைநிலைக்குக் கிட்ட வந்தால் அதன் கொம்பிரசர் பெரும்பாலும் நின்றுவிடும். வெப்பப் பம்பின் வெளிக்குழாய்களிலும் பனி பிடிக்கும். கார் தானாகவே மின்சாரத்தைச் சேமிக்க உள்காற்றைச் சுற்றத் தொடங்கினால் அன்றைக்கு வீதி தெரியாது. ஜப்பானின் டென்சோ நிறுவனம் இதற்கு ஒரு நல்ல வழி கண்டது: ஒரே பெட்டியை இரண்டு அடுக்காகப் பிரித்து, மேலே கண்ணாடிக்கு வெளிக்காற்றும் கீழே காலுக்கு உள்காற்றும் போகவிடுவது. காய்ந்தது மேலே, ஏற்கெனவே சூடானது கீழே. ஃபோர்ட் 1985இல் கண்ணாடிக்கு நடுவே நுண்ணிய கம்பி ஓடவிட்டு, கண்ணாடியையே சூடாக்கியதும் நல்ல வழிதான். மின்சாரக் கார்களில் அது எல்லாவற்றிலும் கிடைத்தால் நன்றாயிருக்கும்.

இந்த வசதிகள் இல்லாத வண்டியென்றால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சீற்றுச் சூட்டையும் ஸ்டியரிங் சூட்டையும் போடுங்கள். அவற்றுக்கு 100 வாற் அளவில்தான் வேண்டும், உடம்பு பொறுத்துக்கொள்ளும். ஹீட்டரின் சூட்டைக் கண்ணாடிக்கு மட்டும் விடுங்கள், காற்றை வெளியிலிருந்து எடுங்கள். வைப்பருக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரத்தில் பனியும் இலையும் அடைத்திருந்தால் எந்தப் பம்பாலும் பயனில்லை. கண்ணாடியின் உள்பக்கத்து எண்ணெய்ப் படலத்தை வாரம் ஒருமுறை சுத்தமாகத் துடையுங்கள். அந்தப் படலத்தில்தான் துளிகள் முதலில் பிடிக்கும். இரவு வண்டியை நிறுத்தும்போது ரப்பர் மிதியடியைக் கழற்றி அதில் தேங்கிய தண்ணீரை வெளியே கொட்டுங்கள். சார்ஜர் செருகியிருக்கும்போதே புறப்படுவதற்குக் கால் மணிநேரம் முன்னால் ஹீட்டரைப் போடுங்கள். 4 கிலோவாற் கால் மணிநேரத்துக்கு ஓடினால் 1 கிலோவாற்-மணி. அது சுவரிலிருந்து வருகிறது, பற்றரியில் கை வைப்பதில்லை. நெஸ்பியன் ஆட்கள் பெற்றோல் காருக்குச் செய்ததும் இதைத்தான்.