மாதவிடாய்க்கு முந்தைய உபாதைகள்: திருவனந்தபுரமும் இயற்கைச் சிகிச்சையும்

மாதவிடாய்க்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு எரிச்சல், அழுகை, வயிற்று உப்புசம், மார்பு வலி, தூக்கக்கேடு, தீராத அசதி எனத் தலைகாட்டி, உதிரப்போக்கு தொடங்கிய சில நாளில் அடங்கிவிடும் தொல்லைகளை மருத்துவர்கள் சுருக்கமாகப் பி.எம்.எஸ். என்பார்கள். ராபர்ட் ஃபிராங்க் என்ற அமெரிக்க மருத்துவர் 1931இல் இதை மருத்துவ ஏட்டில் விவரித்தார். 1953இல் பிரிட்டனின் ரேமண்ட் கிரீனும் கேத்தரினா டால்ட்டனும் இன்றைய பெயரைச் சூட்டினார்கள். ஹார்மோன் கூடியோ குறைந்தோ போவதால் வரும் கோளாறு இது என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தார் 1998இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது: ஹார்மோன் அளவு எல்லாப் பெண்களுக்கும் ஒத்தே இருக்கலாம், அதன் ஏற்ற இறக்கத்துக்குச் சிலருடைய மூளை கூடுதலாக எதிர்வினை காட்டுகிறது. ஆகவே இரத்தப் பரிசோதனையால் இதைக் கண்டறிய முடியாது. குறைந்தது இரண்டு சுழற்சிகளுக்கு அன்றாடம் எழுதிவைத்த குறிப்பைக் கொண்டே கண்டறிகிறார்கள். இயற்கைச் சிகிச்சைகளை எடைபோடவும் அந்தக் குறிப்பேடுதான் முதல் கருவி என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இதை ஆராயத் திருவனந்தபுரம் மிகப் பொருத்தமான ஊர். 1889இல் திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சியில் பாடசாலையாகத் தொடங்கிய அரசு ஆயுர்வேதக் கல்லூரி நகரின் நடுவே இருக்கிறது; பூஜப்புரையில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென அரசு ஆயுர்வேத மருத்துவமனை இயங்குகிறது; மருத்துவக் கல்லூரி வளாகத்தில் எஸ்.ஏ.டி. மருத்துவமனை நவீன மகப்பேறு மருத்துவத்துக்குப் பேர்பெற்றது. இந்த ஊர்ப் பெண்ணுக்கு ஆயுர்வேதம், நவீன மருத்துவம் என இரண்டு வாசல்களும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில்தான். ஆனால் பலர் இரண்டில் எதற்குள்ளும் நுழையாமல் நேரே மருந்துக் கடைக்குப் போய் அசோகாரிஷ்டமோ சதாவரி லேகியமோ வாங்கிவிடுகிறார்கள். பைஷஜ்ய ரத்னாவளி என்ற ஆயுர்வேத நூலில் சொல்லப்பட்ட அசோகாரிஷ்டத்தின் முதன்மையான வேலை மிகுதியான உதிரப்போக்கைக் கட்டுப்படுத்துவது. உதிரம் வருவதற்கு முந்தைய வாரத்து மனச்சோர்வு வேறு சங்கதி. முன்னதற்கான புகழைப் பின்னதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வது மூலநூலுக்கே முரணானது. அசோக மரம் அருகிவருவதால் சந்தையில் நெட்டிலிங்கப் பட்டை கலப்பதும் நெடுநாள் புகார்.

இதே வகைக் குழப்பம் நொச்சியிலும் உண்டு. ஐரோப்பாவில் பி.எம்.எஸ்.ஸுக்கு மிகுதியாக ஆராயப்பட்ட மூலிகை, மத்தியதரைக்கடல் நாடுகளில் வளரும் வைடெக்ஸ் அக்னஸ் காஸ்டஸ். 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஜெர்மன் ஆய்வில் 170 பெண்கள் மூன்று சுழற்சிகள் பங்கேற்றார்கள். அதன் பழச்சாரம் உட்கொண்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் வெற்று மாத்திரை உட்கொண்டவர்களில் 24 விழுக்காட்டினருக்கும் தொல்லை பாதிக்குமேல் குறைந்தது. நம் வேலியோரத்து நொச்சியும் கேரளத்தார் ஆவிபிடிக்கப் பறிக்கும் கரிநொச்சியும் அதே வைடெக்ஸ் பேரினத்தைச் சேர்ந்தவைதான், ஆனால் வேறு இனங்கள். பயன்படும் பகுதியும் வேறு: அங்கே பழம், இங்கே இலை. அந்த ஆய்வின் பலனை நொச்சிக் கஷாயத்தின் கணக்கில் எழுத இடமில்லை.

சான்று இதைவிடத் தெளிவாக இருப்பது, யாரும் மூலிகை என்று சொல்லாத கால்சியத்துக்கு. 1998இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 466 பெண்களின் குறிப்புகளைக் கணக்கிட்டார்கள். நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் உண்டவர்களுக்கு மூன்றாம் சுழற்சியில் தொல்லை 48 விழுக்காடு குறைந்தது. வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் 30 விழுக்காடு குறைந்தது. இந்த இரண்டாவது எண்ணைத்தான் இத்துறையில் எவரும் மறக்கக்கூடாது. எதைக் கொடுத்தாலும் மூன்றில் ஒரு பங்கு ஆறுதல் கிடைக்கும் நோயில், தனியொரு பெண்ணின் அனுபவத்தைக் கொண்டு மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. உணவிலேயே கால்சியம் மிகுதியாகச் சேர்த்துக்கொள்ளும் பெண்களுக்கு இந்தத் தொல்லை குறைவாக வருவதை அமெரிக்கச் செவிலியரிடையே நடந்த நீண்டகால ஆய்வு 2005இல் காட்டியது. முள்ளோடு தின்னும் நெத்திலி, மோர், எள்ளுருண்டை, 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் தரும் கேழ்வரகு ஆகியவை தெற்குத் திருவிதாங்கூர்ச் சமையலறைக்குப் புதியவை அல்ல. இயற்கைச் சிகிச்சை என்ற பெயருக்கு என் கணிப்பில் இவையே முதல் உரிமையாளர்கள். உடற்பயிற்சிக்கும் எண்ணப் பழக்கங்களைத் திருத்தும் உளச் சிகிச்சைக்கும் மிதமான ஆதரவு உண்டு. மஞ்சளுக்கும் குங்குமப்பூவுக்கும் ஈரானில் நடந்த ஆய்வுகள் நம்பிக்கை தருபவை, ஆனால் மிகச் சிறியவை. ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய்க்கு அதன் விலைக்கேற்ற சான்று இல்லை.

ஆயுர்வேதம் ஆளுக்கேற்ப மருந்து மாற்றும் முறை, எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் சோதனைக்குள் அதை அடைக்க முடியாது என்பார்கள். நேர்மையான மறுப்புதான். ஆனால் வைத்தியர் தம் விருப்பப்படி மருந்தை மாற்றிக்கொண்டாலும், அந்தச் சிகிச்சை முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு, வெற்று மருந்து பெறும் குழுவோடு ஒப்பிட முடியும். குறிப்பேட்டில் பதிவாவது பெண்ணின் தூக்கமும் கோபமும் வலியும். அவை எந்த மருத்துவ முறைக்கும் சொந்தமல்ல. சான்று கேட்பது பெண்ணின் வேதனையை நம்பாததாகும் என்பது இரண்டாவது மறுப்பு. பெண்கள் சொன்னதைத் தட்டிக்கழித்த வரலாறு மருத்துவத்துக்கு நிறையவே உண்டு என்பதால் இதை இலேசாகத் தள்ளக்கூடாது. ஆயினும் வேதனை மெய்யானது என்பதால்தான், பலனில்லாத புட்டிக்கு அவள் மாதாமாதம் பணம் கொடுப்பது அநியாயமாகிறது. இயற்கையானது கெடுதல் செய்யாது என்ற மூன்றாவது வாதம் நிற்காது. வைட்டமின் பி6 மிகையானால் நரம்புகள் கெட்டுக் கைகால் மரத்துப்போகும். செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகை கருத்தடை மாத்திரையின் வலுவைக் குறைக்கும். அரிஷ்டங்கள் நொதித்து உருவாவதால் அவற்றில் ஆல்கஹால் இருக்கிறது.

2023 ஜனவரியில் கேரள அரசு பல்கலைக்கழக மாணவியருக்கு மாதவிடாய்ச் சலுகை அறிவித்து, தேர்வெழுதத் தேவையான வருகைப்பதிவை 75 விழுக்காட்டிலிருந்து 73 ஆகக் குறைத்தது. நல்ல தொடக்கம் அது. அந்தக் கவனம் உதிரப்போக்குக்கு முந்தைய வாரத்துக்கும் நீளவேண்டும். மலையாளத்திலும் தமிழிலும் அச்சிட்ட ஒரு பக்க நாட்குறிப்பைப் பூஜப்புரையும் எஸ்.ஏ.டி.யும் பொதுவில் வைத்துக்கொண்டால், இரு சிகிச்சைகளையும் ஒரே அளவுகோலால் பார்க்கலாம். குறிப்பேடு எச்சரிக்கையும் செய்யும். மாதம் முழுவதும் சோர்வு தொடர்ந்தால் அது பி.எம்.எஸ். அல்ல, மனச்சோர்வோ தைராய்டுக் குறையோ இரத்தசோகையோ இருக்கலாம். மாதவிடாய்க்கு முன் வாழவே வேண்டாமென்ற எண்ணம் தலைதூக்கினால், அது 2013 முதல் அமெரிக்க மனநலக் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்ற பி.எம்.டி.டி.யாக இருக்கலாம். அந்நிலையில் கேழ்வரகும் லேகியமும் போதாது; செரட்டோனினைச் சீராக்கும் மருந்துகளுக்கு வலுவான சான்று உண்டு. அன்றே மருத்துவரைப் பார்க்கவேண்டும். அதுவரை அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸ் எண் 14416இல் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.