பைகுல்லா அருங்காட்சியகமும் தாராவித் தமிழரும்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அந்நாளைய மக்கள் 'செத்த காலேஜ்' என்றனர். உயிர்க்காட்சிச் சாலையை 'உயிர்க் காலேஜ்' என்றனர். வடநாட்டு வழக்கில் அது 'அஜாயிப் கர்', அதாவது அதிசய வீடு; ஈழத் தமிழில் நூதனசாலை. காட்சிக்கூடத்திற்குள் எதை எதிர்பார்த்து நுழைகிறோம் என்பதை இப்பெயர்கள் சொல்லிவிடுகின்றன. செத்த காலேஜும் உயிர்க் காலேஜும் அருகருகே அமைந்த இடமொன்று மும்பையிலும் உண்டு: பைகுல்லாவில் ராணி பாக் விலங்குப் பூங்காவை ஒட்டி நிற்கும் டாக்டர் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகம்.

மாட்டுங்காவிலிருந்து பைகுல்லாவுக்கு மின்சார ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் 5 ரூபாய். தாராவியில் வசிப்பவர் சயானில் ஏறலாம். செம்பூரிலிருந்து வருபவர் குர்லாவில் மாறலாம். அருங்காட்சியக நுழைவுக் கட்டணமும் நெடுங்காலம் 10 ரூபாயாகவே இருந்தது. ஆகவே, தனியே புறப்படும் மாணவருக்குப் பணம் பெருந்தடையாவதில்லை. உள்ளே சென்றபின் யாருடைய வரலாறு அவருக்குக் காட்டப்படுகிறது என்பதே ஆராயத்தக்கது.

1851இல் லண்டனிலும் 1855இல் பாரிசிலும் நடந்த உலகப் பொருட்காட்சிகளை ஒட்டித் திரட்டப்பட்ட இந்திய மூலப்பொருள்களும் கைவினைப் பொருள்களுமே இந்நிறுவனத்தின் வித்து. விளைபொருளையும் வேலைப்பாட்டையும் வணிக நோக்கில் வகைப்படுத்திக் காட்டுவது அக்காலக் குறிக்கோள். ஜகந்நாத் சங்கர்சேட், மருத்துவரும் வடமொழி அறிஞருமான பாவ் தாஜி லாட் முதலியோர் நன்கொடை திரட்ட, இன்றைய கட்டடம் எழுந்தது. 1872இல் விக்டோரியா, ஆல்பர்ட் ஆகியோர் பெயரில் திறக்கப்பட்டது. 1975இல் பாவ் தாஜியின் பெயரைப் பெற்றது.

அங்குள்ள களிமண் உருவங்கள் பம்பாயின் சமூகங்களையும் தொழில்களையும் சித்திரிக்கின்றன. இன்ன சாதி, இன்ன உடை, இன்ன தொழில் என்னும் வகைமாதிரிகள் அவை. இலக்கணச் சொல்லால் கூறுவதாயின், அங்கே பொதுப்பெயர்கள் உள, இயற்பெயர்கள் இல. இயற்பெயர் பெற்றோர் ஆட்சியாளரும் கொடையாளரும் அறிஞருமே. இது ஓர் அருங்காட்சியகத்தின் குறை மட்டுமன்று. 19ஆம் நூற்றாண்டின் காலனிய வகைப்பாட்டு முறையே அத்தகையது.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நகரின் அன்றைய எல்லைக்கு அப்பாலிருந்த தாராவியில் தோல் பதனிடும் கூடங்கள் பெருகின. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அத்தொழிலில் ஈடுபட, திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வந்து குடியேறினர். பின்னாளில் பதனிடும் கூடங்கள் பெரும்பாலும் தாராவியை விட்டு அகன்றன. தோற்பொருள் தைப்பதும் விற்பதும் எஞ்சின. நகரின் செல்வத்தில் பங்குள்ள இவ்வுழைப்பின் வரலாறு பெரும்பாலும் முதியோர் நினைவில் மட்டுமே வாழ்கிறது.

2016இல் 'டிசைன் மியூசியம் தாராவி' என்னும் சிறு காட்சிக்கூடம் தாராவித் தெருக்களில் சக்கரங்களில் உலவியது. அங்கு வாழும் கைவினைஞர் செய்த பொருள்களை அவர்கள் வாசலிலேயே காட்சிக்கு வைத்தது. ரயில் கட்டணமுமின்றிக் காணத்தக்க அருங்காட்சியகம் அது. ஆயினும் சில வாரங்களே நீடித்த ஒரு முயற்சியின் மீது ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றை ஏற்றிவைக்க இயலாது.

மறுசீரமைப்புத் திட்டத்திற்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024இல் தாராவியில் தொடங்கியது. வீட்டின் பரப்பும் குடியிருப்புச் சான்றும் அதில் இடம்பெறும். பரணில் கிடக்கும் தோல் சீவும் கத்தி இடம்பெறாது. பழைய கூலிச் சீட்டு, சங்க ரசீது, சீட்டுக் கணக்கு நோட்டு, ஊர்ப்பெயர் பொறித்த திருமண அழைப்பிதழ் ஆகியவை வீடு மாறும்போது முதலில் கழிக்கப்படுபவை. அவற்றோடு நெல்லை வழக்கும் மராத்தியும் இந்தியும் கலந்த தொழிற்சொற்களும் மறையும்.

இவற்றைக் காக்கக் கட்டடம் எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மும்பைத் தமிழ் மாணவர்கள் ஒரு குறிப்பேட்டுடன் தொடங்கலாம்: கருவியின் பெயர், அதைப் பிடித்தவரின் பெயர், அவர் வந்த ஊர், வந்த ஆண்டு. பைகுல்லாவின் களிமண் உருவங்களுக்குக் கிட்டாத இயற்பெயர்கள் தாராவியின் தொழிலாளர்களுக்கேனும் கிட்ட வேண்டும்.