ஒரு குழந்தையா, இரு குழந்தைகளா?

ஜிப்ரால்டர் பாறையின் வடமுகத்தின் அடியில் டெவில்ஸ் டவர் என்றொரு பாறை ஒதுக்கிடம் உண்டு. 1926ஆம் ஆண்டில் அங்கு அகழாய்வு செய்த டோரத்தி காரட் அம்மையார், மண்டையோடு ஒன்றின் ஐந்து துண்டுகளைக் கண்டெடுத்தார். நெற்றியெலும்பு, இடப்பக்கச் சுவரெலும்பு, வலப்பக்கப் பொட்டெலும்பு, வலப்பக்க மேல்தாடை, கீழ்த்தாடை என்பனவே அவை. ஐந்து வயதையொட்டிய நியாண்டர்தால் குழந்தையின் எச்சம் என்று அன்று முடிவு செய்தனர்.

அரைநூற்றாண்டுக்குப் பின் அம்முடிவு ஆட்டங்கண்டது. பொட்டெலும்பு மற்றவற்றைக் காட்டிலும் இளையதாகத் தோன்றுவதால் அது வேறொரு குழந்தையுடையதாகலாம் என்று 1982இல் ஆன்-மரி தில்லியே எழுதினார். வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிடைத்த சுவரெலும்பு இடப்பக்கத்தது; பொட்டெலும்போ வலப்பக்கத்தது. உயிரோடிருந்த நாளிலும் ஒன்றையொன்று தொட்டிராத இவ்விரண்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்ப்பதெங்ஙனம்? 1986இல் பற்களின் எனாமலில் உள்ள வளர்ச்சிக் கோடுகளை எண்ணியவர்கள், குழந்தைக்கு மூன்று வயதுதான் இருக்கும் என்றனர். வயது முரண் நீங்கிற்று. எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்துமா என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

இவ்விடத்தில் சற்றே பின்னோக்கிச் செல்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் வில்லியம் சோலஸ், புதைபடிவத்தின் உள்ளமைப்பைக் காண ஒரு வழி கண்டார். கல்லைச் சிறிது சிறிதாகத் தேய்ப்பது, வெளிப்படும் ஒவ்வொரு பரப்பையும் படமாக்குவது, அப்படங்களின் வடிவில் மெழுகுத் தகடுகளை வெட்டி அடுக்குவது. முப்பரிமாண உருவம் கிடைத்துவிடும். ஆனால் படிவம் தூளாகிப் போயிருக்கும்! அறிவதற்காக அழிப்பது என்னும் இந்தக் கொடிய பேரத்தை அன்றைய அறிஞர்கள் மனமறிந்தே ஏற்றனர். ஜிப்ரால்டரிலேயே 1848இல் கிடைத்த முதல் நியாண்டர்தால் மண்டையோட்டை ஆராய்ந்து 1907இல் எழுதியவரும் இதே சோலஸ்தான். நல்லவேளையாக அதை அவர் தேய்க்கவில்லை.

1971இல் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்த சி.டி. ஸ்கேன், சோலஸின் கருத்தையே கத்தியின்றி நிறைவேற்றியது எனலாம். எக்ஸ் கதிர்கள் பல கோணங்களில் ஊடுருவுகின்றன. குறுக்குவெட்டுப் படங்களைக் கணினி கணித்து அடுக்குகிறது. கல்லடைத்த மண்டையோடுகளின் உட்புறத்தை இம்முறையில் காணலாம் என்று 1984இல் கான்ராய், வானியர் இருவரும் காட்டினர்.

சூரிக் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோஃப் சோலிகோஃபர், மார்சியா பொன்ஸ் தெ லியோன் குழுவினர் டெவில்ஸ் டவர் துண்டுகளைக் கையிலெடுத்தது இந்தக் கருவியின் துணையோடுதான். ஒரு பக்கத்து எலும்பைக் கணினித் திரையில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினால் மறுபக்கத்து எலும்பு கிடைக்கும். இடச்சுவரெலும்புக்கு வலத்துணை; வலப்பொட்டெலும்புக்கு இடத்துணை. ஒருநாளும் தொட்டிராத இரண்டும் அண்டைவீட்டாராயின. பசையில்லை, களிமண்ணில்லை, தவறாக வைத்தால் எலும்புக்குச் சேதமின்றி மீண்டும் நகர்த்தலாம். பின்னர் லேசர் ஒளியால் பிசின் திரவத்தை அடுக்கடுக்காக இறுகச் செய்து, கையில் ஏந்தத்தக்க மண்டையோட்டையும் உருவாக்கினர். ஐந்து துண்டுகளும் ஒரே குழந்தையுடையவை என்பதே 1995இல் அவர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட முடிவு.

இதை முழுமுற்றான மெய்ப்பிப்பு என்று நாம் கொள்ளவில்லை. எந்த முகமும் இருபுறமும் சரியொப்பாக இருப்பதில்லை. பிம்பமாக்கிய பாதி, உண்மையான பாதிக்கு ஈடல்ல. ஆயினும் பொருந்தாதது பொருந்தாதென்று திரையில் தெரிந்துவிடும் அல்லவா? தனது ஊகம் எங்கே தொடங்குகிறது என்பதைச் சுட்டிக்காட்ட முடிவதுதான் இம்முறையின் நேர்மை. களிமண்ணால் நிரப்பிய பழைய மாதிரிகளில் சிற்பியின் கை எது, எலும்பு எது என்று பிரித்தறிவது எளிதன்று.

2019இல் வெளியான மரபணு ஆய்வொன்று இரு ஜிப்ரால்டர் மண்டையோடுகளிலும் எஞ்சியிருந்த டி.என்.ஏ.வைப் படித்தது. 1848இல் கிடைத்தது பெண்ணுடையது. டெவில்ஸ் டவர் குழந்தை ஆண்பிள்ளை.