பீரங்கிக்கு முன்னால் நின்றவர்களின் மொழி

தென்னூர் உழவர் சந்தை மைதானத்தில் பொதுக்கூட்டம் என்றால், போஸ்டரில் யாராவது ஒருவர் ‘பிரசார பீரங்கி’யாக இருப்பார். பீரங்கி எப்படி இயங்கும் என்று அவருக்கும் தெரியாது, கேட்கப் போகிறவர்களுக்கும் தெரியாது. சத்தம் போடும், எதிராளி நடுங்குவான். நமக்கு அது போதும்.

இத்தனைக்கும் இது நிஜ பீரங்கிகள் முழங்கிய ஊர். 1751-52இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் திருச்சிக் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். 1752 ஜூனில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது ஸ்ரீரங்கத்தில். கோயில் மதில்தான் அவர்களுக்குக் கோட்டை. 1753 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி வந்தார்கள். ராத்திரியில் ஏணி போட்டு, டால்டன் பேட்டரி என்ற கொத்தளத்தைச் சத்தமில்லாமல் பிடித்தார்கள். அதோடு சும்மா இருந்திருக்கலாம். அங்கிருந்த பீரங்கிகளை ஊர்ப்பக்கம் திருப்பிச் சுட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த காவல்படை முழித்துக்கொண்டது, தாக்குதல் தோற்றது. பீரங்கி என்றால் சத்தம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது.

பீரங்கி என்ற சொல்லே வெளியாள்தான். ‘ஃபிராங்க்’ என்ற ஐரோப்பிய இனப்பெயர் அரபு, பாரசீகம் வழியாக ‘ஃபரங்கி’ ஆனது. பாபர் தன் நினைவுக்குறிப்புகளில் ஒரு வகைப் பீரங்கியை அந்தப் பெயரில்தான் சொல்கிறார். சீனர்கள் ‘ஃபோலாங்ஜி’ என்றார்கள். நாம் சமையலறையில் நறுக்கும் பறங்கிக்காயும் இதே குடும்பம்தான்.

ஆங்கிலத்தில் நிலைமை வேறு. ‘ஃப்ளாஷ் இன் த பேன்’ என்பார்கள்: பழைய துப்பாக்கியின் சின்னத் தட்டில் வைத்த மருந்து பளிச்சென்று எரிந்து, உள்ளே இருக்கும் மருந்து பற்றாமல் போவது. ‘லூஸ் கேனன்’ என்றால் கப்பல் தளத்தில் கயிறு அறுந்து உருண்டு, சொந்த ஆட்களையே நசுக்கும் பீரங்கி. இயந்திரத்தின் பாகங்களும் கோளாறுகளும் அத்துப்படியானவர்களின் பேச்சு இது. பீரங்கிக்குப் பின்னால் நின்றவர்களின் பேச்சு.

நம்மிடம் இருப்பவை? ‘தலையில் குண்டைத் தூக்கிப் போட்டான்’, ‘வேட்டு வைத்துவிட்டான்’, ‘புஸ்வாணமாகிப் போச்சு’. எல்லாமே விளைவு, ஓசை. முன்னால் நிற்பவனின் அனுபவம்.

ஏன் இப்படி? நமக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. பக்கத்துத் தஞ்சாவூரில், நாயக்கர் காலத்தில் இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி, அடித்து இணைத்துச் செய்த ராஜகோபால பீரங்கி இன்றும் மேட்டில் கிடக்கிறது. கம்பெனியின் சென்னைப் படையில் ‘கோலந்தாஸ்’ என்ற இந்திய பீரங்கிக்காரர்களும் இருந்தார்கள். 1857க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் சில மலைப் பீரங்கி அணிகளைத் தவிர இந்தியர்கள் கையில் பீரங்கி இருக்கக் கூடாதென்று முடிவெடுத்தார்கள். கிளர்ச்சியில் பெரும்பாலும் சேராத சென்னைப் படைக்கும் அதே கதிதான். 1935இல்தான் இந்தியர்களின் களப் பீரங்கிப் படை மறுபடி உருவானது, பெங்களூரில். தினசரி பத்திரிகையும் மேடைப்பேச்சும் தமிழில் வளர்ந்த காலம் இது. அப்போது பீரங்கியை இயக்கியவன் நம் தெருவில் இல்லை. அதனால்தான் அவன் சொற்களும் இல்லை என்பது என் ஊகம்.

இதற்கு வில் ஒரு சாட்சி. அது நம் கையில் இருந்த ஆயுதம். அதனால் எய்பவன் பக்கத்துச் சொற்கள் தாராளமாக இருக்கின்றன. கேள்விக்கணை தொடுக்கிறோம். ராக்கெட்டுக்கும் ‘ஏவுகணை’ என்றே பெயர் வைத்தோம். ‘சரமாரியாகத் துப்பாக்கிச் சூடு’ என்று பேப்பரில் படிக்கிறோமே, சரம் என்றால் அம்பு, மாரி என்றால் மழை. குண்டு வந்த பிறகும் நம் மொழியில் அம்புதான் பொழிகிறது.

இப்போது காட்சி மாறிவிட்டது. திருச்சிப் புறநகரில், டாங்கிக் கவசத்தைத் துளைக்கும் டங்ஸ்டன் கலவை ஊடுருவிகளைத் தயாரிக்கும் அரசுத் தொழிற்சாலை இருக்கிறது. அந்த ஊடுருவிக்குள் வெடிமருந்து கிடையாது, வேகத்தாலேயே துளைக்கும். எங்கள் ஐடி ஆபீஸ்களிலும் ‘வார் ரூம்’, ‘ட்ரிகர்’, ‘டார்கெட்’ என்று பின்னால் நிற்பவனின் சொற்களைக் கூச்சமில்லாமல் புழங்குகிறோம்.

புழங்கலாம், தப்பில்லை. ஆனால் பழைய சொற்களைத் தொலைத்துவிட வேண்டாம். ‘தலையில் குண்டு விழுந்தது’ என்னும்போது அங்கே ஒரு தலை இருக்கிறது. ‘டார்கெட்’டில் அது இல்லை.