காவிரிக்கரை வக்கீலும் படைத்துறைத் தீர்மானங்களும்

1921 மார்ச் மாதம். தில்லியில் கூடியிருந்த மத்திய சட்டசபையில், இந்தியப் படை யாருக்காக என்ற கேள்வியைத் தீர்மானங்களாக வடித்து முன்மொழிய எழுந்தார் ஒரு வக்கீல். வயது ஐம்பத்தேழு. திருக்காட்டுப்பள்ளிக்கு அருகில் பழமாநேரியில் 1864-இல் பிறந்து, மானம்புச்சாவடிப் பள்ளியிலும் கும்பகோணம் அரசினர் கல்லூரியிலும் படித்துப் பட்டணம் போனவர், சர் பி.எஸ். சிவசாமி ஐயர்.

தஞ்சைச் சீமையில் வக்கீல் தொழில் செழித்ததற்கு மண்ணே காரணம். மிராசு, இனாம், கோயில் நிலம், மடத்து நிலம், சத்திரத்து மானியம், பாகப்பிரிவினை, வாய்க்கால் தண்ணீரின் முறை என்று ஒவ்வொரு வேலி நிலத்துக்குப் பின்னாலும் ஒரு தாவா பிறக்க இடமிருந்தது. பத்திரத்தின் ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் வாழ்வு தொங்கும். அந்தச் சொல்லை விடாமல் பிடிக்கும் பழக்கம் இங்கிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களிடம் ஊறியிருந்தது. சிவசாமி ஐயர் 1885-இல் வக்கீலானார். சட்டக் கல்லூரியில் பாடம் சொன்னார். ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ ஆசிரியர்களில் ஒருவராயிருந்தார். 1907-இல் அட்வகேட் ஜெனரல், 1912-இல் கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினர். இவையெல்லாம் பதவிகள். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பின் வந்தது.

1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த முதல் மத்திய சட்டசபைக்கு அவர் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் தொகுதியிலிருந்து போனார். படைச் செலவு அந்தச் சபையின் வாக்குக்கே வராத செலவு. ஆகவே பணத்தை மறுத்து அரசை வழிக்குக் கொண்டுவர இயலாது. வாதம் ஒன்றே கையில் இருந்தது. இந்தியப் படையின் அமைப்பை ஆராய்ந்த எஷர் குழுவின் அறிக்கையோ அதைப் பேரரசின் மொத்தப் படையில் ஓர் அங்கமாகப் பார்த்தது. ஐயர் அந்த அறிக்கையை எதிர்க்கட்சிக்காரரின் மனுவைப் போலப் படித்தார். அவர் தீர்மானங்கள் கேட்டவை இவை: படையின் வேலை இந்தியாவை வெளித்தாக்குதலிலிருந்து காப்பதும் உள்நாட்டு அமைதி பேணுவதுமே. ஆண்டுதோறும் தரப்படும் அரசரின் கமிஷன்களில், அதாவது படை அதிகாரி நியமனங்களில், நூற்றுக்கு 25-க்குக் குறையாமல் இந்தியருக்கு வேண்டும். இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் போன்ற ராணுவக் கல்லூரி இந்தியாவிலேயே எழ வேண்டும். நெல் விளையும் நாட்டிலிருந்து வந்தவர் பீரங்கிப் படையைப் பற்றியும் இந்தியரை எல்லாப் பிரிவுகளிலும் சேர்ப்பதைப் பற்றியும் அத்தனை நுணுக்கமாகப் பேசியது இன்றும் வியப்பைத் தருகிறது.

மறு ஆண்டே டேராடூனில் சிறுவர்களுக்கான ராணுவக் கல்லூரி திறக்கப்பட்டது. முழுமையான ராணுவ அகாடமிக்கு 1932 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குத் திட்டம் வகுத்த 1931-ஆம் ஆண்டுக் குழுவிலும் ஐயர் இருந்தார். பத்தாண்டு ஒரே வழக்கை விடாமல் நடத்தியிருக்கிறார்!

மிதவாதி என்று அவரை ஒதுக்கிவிடுகிறோம். 1919 டிசம்பரில் மிதவாதிகளின் கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கியபோது ஜாலியன்வாலா பாக் படுகொலையை அவர் கடுமையாகக் கண்டித்ததை மறந்துவிட்டோம். ஆனால் காலம் வேறு திசையில் ஓடியது. அடுத்த சபையில் அந்தத் தொகுதியின் இடம் சுயராஜ்யக் கட்சியின் ஏ. ரங்கசாமி ஐயங்காருக்குப் போயிற்று. அவரும் தஞ்சை மாவட்டத்துக்காரர், வக்கீல், ‘சுதேசமித்திர’னின் ஆசிரியர். ஐயர் நியமன உறுப்பினராக அதே சபைக்குத் திரும்பினார். மக்கள் வாக்கின் பலம் இல்லாமல் அங்கே உட்கார்ந்தது அவர் குரலின் வலுவைக் குறைத்தது என்றே நினைக்கிறேன். அவர் உழைப்பை மட்டும் அது குறைக்கவில்லை.

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளியில் அவர் பெயரால் ஒரு பள்ளி நடக்கிறது. தேடிய பொருளைக் கல்விக்கே கொடுத்தவர் அவர். பிள்ளைகள் தினமும் அந்தப் பெயரைக் கடந்து வகுப்புக்குப் போகிறார்கள். 1921 மார்ச் மாதத்துச் சட்டசபை விவாதத் தொகுதியின் ஒரு படி, தமிழாக்கத்தோடு, அந்தப் பள்ளி நூலகத்தின் அலமாரியில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.